உயர்த்திய ஜீப்பை நிறுத்துவது எப்படி?

தேவையான பொருட்கள்: பழைய நான்கு சக்கர இயக்க ஜீப் ஒன்று. அதை நான்கு அங்குலம் தூக்கிவிடும் ஸ்பிரிங் பட்டைகள் ஒரு செட். 33 அங்குல டயர் ஐந்து. ஸ்டெப்னியைச் சின்னதாகப் போட்டால் பின்னாலிருந்து எடுக்கும் படம் கெட்டுவிடும். கொண்டை ஊசி வளைவுகள் நாற்பது. முன்சீட்டில் உட்கார அம்மா ஒருவர். அம்மா ஏறுவதற்கு முக்காலி ஒன்று. பிரேக் ஆயில், தேவையான அளவு.

வளைவுகளுக்கு அலைய வேண்டாம். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் பாதையில் எண் போட்டே வைத்திருக்கிறார்கள். ஏறும்போது ஒன்றிலிருந்து நாற்பது. இறங்கும்போது ராக்கெட் விடுகிற மாதிரி நாற்பதிலிருந்து ஒன்று. பிரேக்கின் குணம் இறக்கத்தில்தான் தெரியும். எங்களுக்கு அது 31 வளைவுகளை முடித்துவிட்டு ஒன்பதாவதில், லோம்ஸ் வியூ முனையில் தெரிந்தது. முன்சக்கரங்களிலிருந்து ஒரு வாடை. “எங்கியோ பால் பொங்கித் தீயுது” என்றாள் அம்மா. முக்காலி பின்னாலிருந்து வழுக்கி வந்து என் சீட்டின் முதுகில் மோதி நின்றிருந்தது. கீழே ஆழியாறு அணை. பக்கத்துப் பாறைச் சரிவில் ஒரு வரையாடு. அது நின்றிருந்த இடத்தில் நான் நின்றிருந்தால் மறுநாள் செய்தித்தாளில் வந்திருப்பேன். அதற்கு யாரும் லிஃப்ட் கிட் மாட்டிவிடவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இனி செய்முறை.

முதலில், பிரேக்கைச் சந்தேகிக்காதீர்கள். பாதையைச் சந்தேகியுங்கள். பனியைச் சொல்லுங்கள். முன்னால் உருட்டிக்கொண்டு போன லாரியைச் சொல்லுங்கள். ஜீப்பைத் தூக்கி மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்கு முன் பத்து வருடம் அதே ஜீப் அதே பாதையில் ஒரு வாடையும் இல்லாமல் இறங்கியிருக்கிறது. இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. பார்த்தால் பட்டறையில் கொடுத்த பணம் கண்முன் வந்து நிற்கும்.

அடுத்து, கருத்துக் கேளுங்கள். பழுது பார்க்கும் கலையில் நீளமான கட்டம் இது. ஆறு மாதம்வரை இழுக்கலாம். டயர்க்கடையில் கேட்டால் காற்று சரியில்லை. அலைன்மெண்ட் கடையில் கேட்டால் அலைன்மெண்ட். உதிரி பாகம் விற்கிறவரிடம் கேட்டால், அவர் பதில் சொல்வதற்கு முன்பே பெட்டியைப் பிரித்துவிடுவார். டீக்கடையில் கேட்டால் 1980-களின் ஜீப்புகள் எவ்வளவு நன்றாக நின்றன என்று தெரிந்துகொள்ளலாம். ஓட்டத் தெரியாத மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவர் நீங்கள் ஓட்டுவதில்தான் கோளாறு என்பார். எங்கள் மாமா சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியைக் கடைசியில் சொல்கிறேன்; அவர் இதைப் படிக்கக்கூடும்.

பிறகு, வாங்குங்கள். நான் விலை கூடிய முன் பேடு வாங்கினேன். கோடு கீறிய டிஸ்க் வாங்கினேன். எஃகு வலை சுற்றிய ஹோஸ் வாங்கினேன். ஒவ்வொன்றும் மாட்டியதும் பெடல் கொஞ்சம் கெட்டிப்பட்ட மாதிரி இருக்கும்; ரசீதைப் பையில் வைத்திருக்கும்வரை அந்த உணர்வு இருக்கும். கவனித்தீர்களா, வாங்கியது எல்லாமே முன்சக்கரத்துக்கு. பின்சக்கரத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை, ஏனென்றால் அங்கே வாடையே வரவில்லை. நுகத்தடியில் ஒரு மாடு இழுத்து நுரை தள்ளுகிறது, இன்னொன்று அசை போட்டுக்கொண்டு கூடவே நடக்கிறது. நான் இழுக்கிற மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தேன்.

வாடை வராத இடத்தையும் பார்க்க வேண்டும் என்று தோன்றிய நாளில், கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியை எடுத்துக்கொண்டு போனேன். சமவெளிச் சாலையில் ஏழெட்டு முறை ஓட்டி நிறுத்தி, முன் டிஸ்க்கில் காட்டினேன். திரையில் ‘ஹை’ என்று வந்தது. மரியாதை தெரிந்த கருவி என்று நினைத்தேன். காய்ச்சலுக்குச் செய்த கருவிக்கு 43 டிகிரிக்கு மேல் எண்ணத் தெரியாது என்பதைப் பெட்டியின் பின்பக்கம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இதற்கென்று பட்டறைகளில் வைத்திருக்கும் வெப்பமானித் துப்பாக்கியை இரவல் வாங்குங்கள். டிரம்மில் கை வைத்துப் பார்க்கும் மரபு வழி நம்மூரில் உண்டு. அந்த மரபின் மூத்த கலைஞர்களுக்கு விரல் ரேகை கிடையாது.

துப்பாக்கி காட்டியது இது. முன் டிஸ்க் இரண்டும் 200 டிகிரிக்கு மேல். பின் டிரம் இரண்டும் 60-ஐ ஒட்டி. முன்பக்கம் எப்போதும் கூடுதலாகச் சுடும், அது இயல்பு. ஆனால் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் பின்பக்கம் வேலைக்கே வரவில்லை என்று பொருள். கணக்கு இன்னும் முடியவில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சாமான். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். காலிப்பருக்குள் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், பெடலை மிதிக்கும்போது நீங்கள் நசுக்குவது குமிழியை. பஞ்சு மெத்தையில் கால் வைத்த மாதிரி கீழே போகும். ஒன்பதாவது வளைவில் நான் நின்று ஆறவிட்டதால் அந்த அனுபவத்தை இங்கே முதல் கையாக எழுத முடியவில்லை. எழுத வாய்ப்புக் கிடைக்காமல் போனவர்களும் இருக்கலாம்.

இந்தக் கட்டத்தில் விவரம் தெரிந்த ஒருவரிடம் போகலாம். பொள்ளாச்சியில் லாரி பிரேக் வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவரிடம் நான் போனேன். புது டிஸ்க்கையும் பளபள ஹோஸையும் காட்டினேன். அவர் முன்பக்கம் வரவே இல்லை. சாக்கை விரித்துப் பின்பக்கம் அடியில் படுத்தார்.

“தம்பி, வண்டில ஆளே இல்லைன்னு இது நெனச்சுட்டு இருக்குதுங்க.”

“எதுங்கண்ணா?”

“இதுதானுங்க.” ஸ்பேனரால் ஒரு கம்பியைத் தட்டினார். ஒரு சாண் நீளம், சுண்டுவிரல் கனம், சேறு படிந்தது. பத்து வருடமாக என் ஜீப்பில் இருந்திருக்கிறது. நான் பார்த்ததே இல்லை.

மேஸ்திரிகள் எல்.எஸ்.பி.வி. என்று சொல்லும் வால்வின் கை அது. சுமையைப் பார்த்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் அளக்கிற வால்வு. அது சேஸிஸில் உட்கார்ந்திருக்கும். கம்பியின் மறுமுனை பின் ஆக்சிலைப் பிடித்திருக்கும். வண்டியில் சுமை ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இடைவெளி குறையும், கம்பி மேலே தள்ளப்படும், வால்வு திறந்து பின்சக்கரத்துக்கு முழு அழுத்தம் விடும். சுமை இறங்கினால் இடைவெளி கூடும், கம்பி தாழும், வால்வு அழுத்தத்தைக் குறைக்கும். காலி வண்டியில் பின்சக்கரம் லேசாக இருக்கும், ஓங்கி மிதித்தால் டக்கென்று பூட்டிக்கொண்டு வழுக்கும். அது நடக்காமலிருக்க இந்த ஏற்பாடு. வால்வுக்குக் கண் இல்லை, தராசு இல்லை. இடைவெளி ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

அந்த இடைவெளியில்தான் நான் நான்கு அங்குலம் நுழைத்திருந்தேன். இனி அரிசி மூட்டை ஏற்றினாலும் ஐந்து பேர் ஏறினாலும் கம்பி காலி வண்டியின் கணக்குக்கும் கீழேதான் தொங்கும். அம்மா முக்காலி போட்டு, கதவைப் பிடித்து, முருகனைக் கூப்பிட்டு ஏறி உட்கார்ந்ததே வண்டிக்குத் தெரியவில்லை.

எல்லா ஜீப்பிலும் இந்தக் கம்பி இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிகப் பழையவற்றில் இந்தக் கவலையே கிடையாது; அவற்றின் கவலைகள் வேறு. ஏ.பி.எஸ். வந்த வண்டிகளில் சக்கரங்களின் வேகத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரே பின் அழுத்தத்தைப் பங்கு வைக்கிறது. இடைப்பட்ட தலைமுறைதான் இந்தக் கம்பியை நம்பிப் பிழைக்கிறது. உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி சாக்கு விரித்துப் படுப்பது.

உண்மை தெரிந்த உடனே செய்யக்கூடாத காரியத்தைச் செய்யுங்கள். வீட்டுக்குப் போய்க் கட்டுக்கம்பி எடுத்து, வால்வின் கையை மேலே இழுத்துக் கட்டிவிடுங்கள், எப்போதும் முழுச் சுமை என்று அது நினைக்கும்படி. பந்தல்காரரிடம் கட்டுக்கம்பி இலவசமாகக் கிடைக்கும். இதையே கொஞ்சம் நாகரிகமாகச் செய்ய வேண்டுமென்றால் வால்வைக் கழற்றிவிட்டுக் குழாயை நேராக இணைத்துத் தருவார்கள். நான் கம்பிதான் கட்டினேன். கார்த்திகை மழை பெய்து விட்டிருந்த ஒரு காலை, தோப்புப் பாதையில், குறுக்கே வந்த கோழிக்காக மிதித்தேன். முதல் அரை நொடி பிரமாதம். அடுத்த அரை நொடியில் ஜீப்பின் பின்பக்கம் என்னை முந்திப் போக முயன்றது. நின்றபோது நான் வந்த திசையைப் பார்த்து நின்றிருந்தேன். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. தென்னைக்கு லேசான காயம்.

மேஸ்திரி கட்டுக்கம்பியைப் பார்த்துவிட்டு என்னிடம் ஐந்து நிமிடம் பேசவில்லை. அவர் பேசாமலிருந்த நேரத்தில் ஒரு பால் கேன் கணக்கைச் சொல்லிவிடலாம்.

பிரேக் பிடிக்கும்போது வண்டி மூக்கைக் குத்தும், தெரியும். பின்சக்கரத்தின் மேலிருந்த எடையில் ஒரு பகுதி அந்த நேரத்துக்கு முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. எவ்வளவு போகும் என்பது வண்டியின் எடை, பிரேக்கின் வேகம், எடை மையத்தின் உயரம், சக்கர இடைநீளம் ஆகியவற்றைப் பொறுத்தது. 1,700 கிலோ ஜீப், முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே 2.4 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பின் அறுபது சதவீத அளவுக்கு ஓங்கி மிதித்தால் ஏறத்தாழ 300 கிலோ முன்னே போகும். எடை மையம் பத்து சென்டிமீட்டர் உயர்ந்தால் 340. கூடுதலாகப் போன நாற்பது கிலோ என்பது பால் சொசைட்டியின் நாற்பது லிட்டர் கேன் ஒன்றை நிரப்பி, ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் பின்னாலிருந்து தூக்கி முன்னால் வைப்பதற்குச் சமம்.

ஆக, தூக்கிய ஜீப்பில் இரண்டு தவறுகள் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. ஏமாந்த வால்வு பின்சக்கரத்துக்குத் தேவையானதைவிடக் குறைத்துக் கொடுக்கிறது. அதே சமயம் உயரம் கூடியதால் பின்சக்கரம் முன்னைவிட லேசாகியிருக்கிறது, கூடுதலாகக் கொடுத்தாலும் தாங்காது. கட்டுக்கம்பி முதல் தவறைத் திருத்தப் போய் இரண்டாவதன் வாயில் கொண்டுபோய்க் கொடுத்தது.

டயர் கணக்கு தனி. 29 அங்குலம் இருந்த இடத்தில் 33 போட்டால் நெம்புகோலின் நீளம் பதினான்கு சதவீதம் கூடுகிறது, பிரேக்குக்கு எதிராக. முன்பு நூறு கிலோ பிடித்த பிரேக் இப்போது சாலையில் 88 கிலோதான் பிடிக்கும். இது போதாதென்று ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்ல ஆரம்பிக்கும். முள் 60 காட்டும்போது நீங்கள் போவது 68. அடக்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் கால் பங்குக்கும் மேல் கூடுதல் வேலை. மெதுவாகத்தான் வந்தேன் என்று சத்தியம் செய்யும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரி பேச ஆரம்பித்ததும் முதலில் கேட்டது, தூக்காத இதே மாதிரி வண்டி எங்கே இருக்கிறது என்று. கம்பி முதலில் எந்தக் கோணத்தில் நின்றது என்று தெரியாமல் எதையும் சரி செய்ய முடியாது. கம்பெனிப் புத்தகத்தில் அளவு இருக்கும். என் ஜீப்பின் புத்தகம் நான்கு கை மாறியதில் காணாமல் போயிருந்தது. அதனால் விடிகாலை ஐந்தரைக்குப் பால் சொசைட்டி வாசலில் போய்ப் படுத்தேன். படுத்தேன் என்றால் படுத்தேன்தான், பால் இறக்க வந்த ஜீப்புக்கு அடியில், டார்ச்சும் டேப்புமாக. ஓட்டுநரிடம் விளக்கிச் சொல்ல நேரமில்லை. கடன்காரர்களுக்குப் பயந்து ஒளிகிறேன் என்று அவர் முடிவு செய்து, யாரும் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

அங்கே பார்த்ததைக் காசு கொடுத்தாலும் பார்க்க முடியாது. பன்னிரண்டு கேன், கிட்டத்தட்ட அரை டன் பால். கேன் ஒன்று இறங்கும். தலைக்கு மேலே ஸ்பிரிங் முனகும். கம்பி ஒரு நெல்மணி அளவு கீழே வரும். அடுத்த கேன், இன்னொரு நெல்மணி. பன்னிரண்டும் இறங்கி முடிந்தபோது கம்பி முழுதாகத் தாழ்ந்து ஓய்வெடுத்தது. பத்து வருடம் என் ஜீப்பிலும் யாரும் பார்க்காமல் இதுதான் நடந்திருக்கிறது, ஒவ்வொரு மூட்டைக்கும், ஒவ்வொரு விருந்தாளிக்கும். காலி வண்டியில் அளவு எடுத்தேன். சட்டைக்கு அடியில் பால் ஒழுகியிருந்தது.

வைத்தியம் என்னவோ லேத் பட்டறையில் அரை மணி நேர வேலை. ஆக்சிலில் கம்பியைப் பிடிக்கும் தகட்டுக்கு, தூக்கிய அளவுக்குச் சரியாக நான்கு அங்குலம் உயர்ந்த இன்னொரு தகடு. போல்ட் இரண்டு. கம்பி பழைய கோணத்துக்கு வந்துவிடும். நான் வாங்கிய டிஸ்க்குக்குக் கொடுத்த வட்டியில் பத்துத் தகடு அடித்திருக்கலாம்.

தகடு மாட்டியதும் ஏர் எடுக்க வேண்டும். நம்மூர் வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் வலது பக்கம். வழக்கமாக அதற்குத் தூரமான பின் இடது சக்கரத்தில் ஆரம்பித்து, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வர வேண்டும். சில வால்வுகளுக்குத் தனி நிப்பிளும் உண்டு, அதை மறக்க வேண்டாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. சேஸிஸில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் ஆக்சில் கீழே தொங்கும்; வால்வு, அட வண்டி காற்றாகப் பறக்கிறது என்று நினைத்துப் பின் வழியைச் சுருக்கிவிடும்; நாள் முழுதும் பெடல் அடித்தாலும் பின்னால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஆக்சிலுக்கு ஸ்டாண்டு கொடுத்து வண்டியின் எடை ஸ்பிரிங்கில் இருக்கும்போது ஏர் எடுங்கள். பெடல் அடிக்க உட்காரவைத்த பையனிடம், “அடி… பிடி… விடு” என்ற மூன்று சொற்களைத் தவிர வேறெதுவும் பேசாதீர்கள். நான் “சரி” என்றேன். அவன் விட்டுவிட்டான். குழாய் காற்றை உறிஞ்சியது. முதலிலிருந்து.

இப்போது முன்னும் பின்னும் ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டன. இடதும் வலதும்? பிரேக் பிடித்தால் என் ஜீப் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் இழுத்தால் பார்க்க வேண்டியவை எல்லோருக்கும் தெரிந்தவைதான்: டயர்க் காற்று, இறுகிப்போன காலிப்பர் பின், லைனிங்கில் கசிந்த எண்ணெய், உள்ளே உரிந்து அடைத்துக்கொண்ட ரப்பர் ஹோஸ். எல்லாம் பார்த்தேன். எல்லாம் சுத்தம். காலிப்பரைக் கழற்றிச் சர்வீஸ் செய்து மறுபடி மாட்டினேன். அப்போதும் இழுத்தது, இன்னும் பளபளப்பாக.

இந்த இடத்தில் பிரேக்கை மறந்துவிட்டு ஸ்டீயரிங் அடியில் பாருங்கள். ஸ்பிரிங் பட்டை ஜீப்பில் ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் முன்பு ஏறத்தாழ படுத்த நிலையில் இருந்திருக்கும். வண்டியைத் தூக்கினால் அது சரிந்துவிடும். சரிந்த கம்பி, மூக்குக் குத்தும்போது ஆக்சில் நகரும் பாதையில் நகராது. தன் வட்டத்தில் சுழன்று சக்கரத்தைத் தள்ளிவிடும். அதாவது நீங்கள் பிரேக் பிடிக்கிறீர்கள், வண்டி தானே ஸ்டீயரிங் ஒடிக்கிறது. சோதனை சுலபம். சமதரையில் நிறுத்தி, ஸ்டீயரிங்கைப் பூட்டாமல் விட்டு, முன் பம்பரில் இரண்டு பேர் ஏறிக் குதிக்க வேண்டும். ஆளில்லாத ஸ்டீயரிங் சக்கரம் பேய் பிடித்த மாதிரி இடமும் வலமும் ஆடினால் குற்றவாளி பிரேக் இல்லை. தாழ்ந்த பிட்மேன் ஆர்ம் போட்டு லிங்க்கைப் படுக்க வைக்க வேண்டும். குதிக்க ஆள் தேவைப்பட்டபோது தெருப் பையன்கள் ஒன்பது பேர் வந்தார்கள். காரியம் முடிந்த பிறகும் அரை மணி நேரம் குதித்தார்கள்.

ஹேண்ட் பிரேக் கேபிளையும் ஒரு பார்வை பாருங்கள். தூக்கிய வண்டியில் அதற்கு நீளம் போதாது. விறைத்துப்போய், லீவரைத் தொடாமலேயே பின் லைனிங்கை உரசிக்கொண்டிருக்கும். அப்போது துப்பாக்கி பின் டிரம்மில் நல்ல சூடு காட்டும், ஆஹா பின் பிரேக் வேலை செய்கிறது என்று நீங்கள் மகிழ்வீர்கள். பிரேக்கே தொடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அளந்தால் சாயம் வெளுத்துவிடும். ரப்பர் ஹோஸுக்கும் இதே கதிதான். ஒரு சக்கரம் பள்ளத்தில் முழுக்கத் தொங்கும்போது அது வீணை நரம்பாக விறைக்கக் கூடாது.

எந்தச் சோதனையையும் இரண்டு சக்கர இயக்கத்தில் செய்யுங்கள். பழைய ஜீப்புகளில் நான்கு சக்கர இயக்கம் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். முன்பக்கம் பிடித்தாலே பின்பக்கமும் கூடச் சேர்ந்து நிற்கும். பேலன்ஸ் கோளாறு முழுவதும் மறைந்துவிடும். மண் பாதையில் அருமையாக நின்ற ஜீப் தார்ச்சாலைக்கு வந்ததும் மூக்கால் அழும் மர்மம் இதுதான். அதற்காகக் காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டு ஓட்டாதீர்கள். திரும்பும்போது ஷாஃப்டுகள் முறுக்கிக்கொள்ளும். பிரேக்குக்குச் செய்த செலவு கியருக்கும் தொடரும்.

மாமாவின் பாதிக்கு வருவோம். தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்கு ஜீப் பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான். பாதை என்று சொல்வது மரியாதைக்காக. பாறைகளை யாரோ வரிசையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். விடியல் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறி இறங்குகின்றன. அந்த ஓட்டுநர்கள் இறங்கும்போது கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பிரேக்கில் இருக்காது. சின்ன கியரில் போட்டுவிட்டு இன்ஜினே பிடித்து இறக்குகிறது. பிரேக் எப்போதாவது, தொட்டுத் தொட்டு. நாற்பதாவது வளைவிலிருந்து நான்காவது கியரில் பாட்டுக் கேட்டபடி, பெடலில் காலை ஓய்வாக வைத்துக்கொண்டு இறங்கியவன் நான். மாமா, சரிதான். போதுமா?

எச்சரிக்கை ஒன்று பாக்கி. முதலில் போட்டிருக்க வேண்டியது. கையேடுகளில் எச்சரிக்கை கடைசிப் பக்கத்தில் வருவதுதான் வழக்கம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தபின் அதனுடன் வாழ்வது பற்றியது. பழைய ஸ்பிரிங் பட்டைகளை எண்ணெய் தடவித் திண்ணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அம்மா தினமும் அவற்றைத் தாண்டித்தான் கோலம் போடப் போகிறாள். ஒன்றும் சொல்வதில்லை.

எல்லாம் மாட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை, கம்பி நிஜமாகவே நகர்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. பால் கேன் கிடைக்கவில்லை. முக்காலியைப் போட்டு அம்மாவைப் பின்சீட்டில் ஏறச் சொல்லிவிட்டு, அடியில் படுத்து டேப்பைப் பிடித்தேன். மேலே முருகா என்றது. ஸ்பிரிங் லேசாக முனகியது.

“ஏறிட்டேன்டா. ஏதாச்சும் தெரியுதா?”

“தெரியுதும்மா. அரை விரற்கடை.”

“அவ்வளவுதானா?”

கேள்வி நியாயமானது. உயரம் தந்த புதுப் பட்டைகள் பழையவற்றைவிட விறைப்பு. பழையது ஒரு விரற்கடை அமுங்கியிருக்கும் இடத்தில் இது பாதிதான் அமுங்குகிறது. கோணம் சரியாகிவிட்டது, ஆனால் எடையைப் பாதியாகத்தான் கம்பி சொல்கிறது. தகட்டில் துளையைக் கொஞ்சம் நீளமாக்கி, சுமையோடும் காலியாகவும் ஓட்டி ஓட்டிப் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்றார் மேஸ்திரி.

“இறங்கட்டுமா?” என்றாள் அம்மா.

“இரும்மா. இன்னொரு தடவை அளந்துக்கறேன்.”